வலிக்கவில்லை என்றால் இன்னும் சீக்கிரம் வாருங்கள்

வெளியூரில் இருந்தபடி பெற்றோரின் சர்க்கரையைக் கவனித்துவரும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

தென்மாவட்ட ஊர் ஒன்றில் கருவிழி நோய்களைப் பார்க்கும் மருத்துவர் நான். உங்களில் பலரைப் போனில் மட்டுமே சந்தித்திருக்கிறேன். பெரியவர் என் முன்னால் முகவாயைக் கருவியில் வைத்து உட்கார்ந்திருப்பார். "பையன் லைன்ல இருக்கான், ஒரு வார்த்தை பேசிடுங்க" என்று போனை நீட்டுவார். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், துபாய் என்று எங்கிருந்து பேசினாலும் கொஞ்ச காலமாக ஒரே கேள்விதான் வருகிறது: "எக்ஸோசோம் ட்ரீட்மென்ட் பண்ணலாமா டாக்டர்? செலவைப் பத்தி யோசிக்காதீங்க."

வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது இதற்கு நியாயமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. "இப்போ வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சிலர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் நகரத்தில் வேறு கிளினிக்கைத் தேடிப் போகிறார்கள். செல்கள் வெளியே தள்ளும் நுண்குமிழிகளை மருந்தாக்கும் இந்தச் சிகிச்சையைப் பற்றி நீங்கள் அனுப்பிய வீடியோக்களையும் பார்த்தேன். அவற்றில் பாதி உண்மைதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல்.

முதலில், சர்க்கரை கண்ணில் எங்கே போய் உட்காருகிறது என்பது. விழித்திரையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். முகாம் போட்டுப் படம் எடுக்கிறார்கள், லேசர் வைக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள். ஆனால் அந்தக் கேமரா கருவிழியின் ஊடாகத்தான் உள்ளே பார்க்கிறது, கருவிழியைப் பார்ப்பதில்லை. கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை. நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி புகாது. ஆனால் உடம்பில் வேறெங்கும் இல்லாத நெருக்கத்தில் நரம்பிழைகள் அதில் ஓடுகின்றன. ஒரு தூசி விழுந்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

அந்த நரம்புகளின் வேலை வலியைச் சொல்வதோடு முடிவதில்லை. அவை சுரக்கும் பொருட்கள்தான் கருவிழியின் மேல்தோலை உயிரோடு வைத்திருக்கின்றன. அந்த மேல்தோல் ஐந்தாறு அடுக்கு செல்கள், மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமன். ஒரு வாரம் பத்து நாளில் முழுசாகப் புதுப்பித்துக்கொள்ளும். புதிய செல்கள் வருவது, கருப்பும் வெள்ளையும் சேரும் வட்டமான எல்லையில் இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து. நல்ல கண்ணில் ஒரு சிறு சிராய்ப்பு இரண்டு மூன்று நாளில் சுவடில்லாமல் ஆறிவிடும்.

வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறி இருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் தளர்ந்துபோகிறது. மேல்தோலைக் கீழ்ப்படலத்தோடு பிடித்து வைக்கும் பிணைப்புகளில் சர்க்கரை ஒட்டிய புரதங்கள் சேர்ந்து, தோல் லேசாக உரிந்துவரத் தொடங்குகிறது. ஓரத்து ஸ்டெம் செல்கள் மந்தமாகின்றன. பாதத்தில் மரத்துப்போகிறதே, அதே நரம்பு நோய் கருவிழியிலும் வருகிறது. நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால் நரம்பிழைகள் மெலிந்தும் குறைந்தும் தெரிகின்றன. விழித்திரைக்கு நிறைய லேசர் வைத்தவர்களுக்குக் கருவிழிக்கு வரும் நரம்புகளும் அடிபட்டிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஏதோ ஒரு அளவில் கருவிழிக் கோளாறு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. போனில் அப்பா உங்களிடம் என்ன சொல்கிறார்? "கண்ணு லேசா செவந்திருக்கு, வலியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா." நீங்கள் நிம்மதியாகிறீர்கள். நானோ அந்த வாக்கியத்தைக் கேட்டதும்தான் பதறுவேன். நெல் அறுக்கும்போது தாள் பட்டிருக்கும். பைக்கில் போகும்போது பூச்சி அடித்திருக்கும். நல்ல கண் என்றால் அன்று இரவு தூங்க விட்டிருக்காது, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பார். நரம்பு மரத்த கண் அவரைத் தூங்க விடுகிறது. புண் நாலு நாள், ஒரு வாரம், பத்து நாள் என்று விரிகிறது. பார்வை மங்கிய பிறகு வருகிறார், அதற்குள் அங்கே பூஞ்சை குடியேறியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் அப்போது இருந்த கணக்கைவிட இது பல மடங்கு. இங்கே வரும் புண்களில் பூஞ்சையின் பங்கும் மிக அதிகம். வயல், வைக்கோல், மண், வெக்கை எல்லாம் அதற்குத் தோது. இதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேறு: தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு. அதையாவது பாசத்தில் செய்கிறார்கள். மெடிக்கலில் "செவப்புக்கு ஒரு சொட்டு குடுங்க" என்று கேட்டு வாங்குவதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், பூஞ்சைப் புண்ணுக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

சரி, எக்ஸோசோம்.

1983-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டன. ஒன்று கனடாவின் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டனுடையது, மற்றது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டாலுடையது. முதிராத சிவப்பணு முதிரும்போது, இரும்பை உள்ளே இழுக்கும் புரதம் அதற்குத் தேவையில்லாமல் போகிறது. அந்தப் புரதத்தை அது நுண்ணிய குமிழிகளில் பொதிந்து வெளியே தள்ளுவதை இவர்கள் பார்த்தார்கள். 1987-இல் ஜான்ஸ்டன் குழு அந்தக் குமிழிகளுக்கு எக்ஸோசோம் என்று பெயர் வைத்தது. அளவு 30 முதல் 150 நானோமீட்டர். வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டரில் சராசரியாகப் பத்தாயிரம் நிற்கும். வெகு காலம் இதைச் செல் கொட்டும் குப்பை என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2007-இல் ஸ்வீடனின் கோதன்பர்கில் யான் லோட்வால் குழு அந்தக் குமிழிக்குள் ஆர்என்ஏ என்ற செய்முறைக் குறிப்பு இருப்பதையும், அதை வாங்கிக்கொண்ட செல் அந்தக் குறிப்பைப் படித்துப் புதிய புரதம் செய்வதையும் காட்டியது. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு வேலை சொல்லி அனுப்புகிறது என்று ஆயிற்று.

ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் அப்போது ஒரு புதிர் இருந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த ஸ்டெம் செல்லை அடிபட்ட உறுப்பில் செலுத்தினால் உறுப்பு தேறுகிறது, ஆனால் செலுத்திய செல்களைத் தேடினால் பெரும்பாலும் காணோம். அவை வளர்ந்த திரவத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. 2010-இல் சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் குழு, அந்தத் திரவத்தில் இருந்த எக்ஸோசோம்களே எலியின் அடிபட்ட இதயத்தைக் காப்பதாகக் காட்டியது. செல்லை வைக்காமல் செல்லின் குறிப்பை மட்டும் கொடுத்தால் போதுமா என்ற ஆசை அங்கே பிறந்தது. கருவிழிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சொட்டாக விடலாம், செல் கிடையாது என்பதால் கட்டியாக வளரும் பயம் குறைவு, ஒவ்வாமைத் தொல்லையும் குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு.

2018-இல் சிகாகோவில் மனிதக் கருவிழியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் எக்ஸோசோமை எலியின் சுரண்டிய கருவிழியில் இட்டார்கள். புண் வேகமாக மூடியது. பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் இவ்வகைக் குமிழிகள் தழும்பைக் குறைப்பதைக் காட்டினார்கள். சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளிலும் புண் ஆறுவதும் நரம்பிழை திரும்ப வளர்வதும் மேம்படுவதாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீடியோக்கள் சொல்வதில் உண்மையான பாதி இதுதான். நானும் இதை ஆவலோடு படிக்கிறவன்தான்.

அவை சொல்லாமல் விடும் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அதே 2018-இல் லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ் சைனாய் மருத்துவமனையில், இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கருவிழிகளை எடுத்துக்கொண்டார்கள். சிலர் சர்க்கரை நோயாளிகள், சிலர் இல்லை. இரு தரப்புச் செல்களிலிருந்தும் எக்ஸோசோம் பிரித்து, கருவிழி ஓரத்துச் செல்களில் இட்டுப் பார்த்தார்கள். நோயற்றவரின் எக்ஸோசோம் புண்ணை மூட நன்றாக உதவியது. சர்க்கரை நோயாளியின் எக்ஸோசோம் அந்த அளவு உதவவில்லை. உள்ளே இருந்த ஆர்என்ஏ சரக்கே வேறுபட்டிருந்தது. அதாவது, எக்ஸோசோம் என்ற பெயர் இருப்பதாலேயே அது மருந்தாகிவிடாது. யாருடைய செல், அந்தச் செல் எந்த நிலையில் இருந்தது, உள்ளே என்ன எழுதி அனுப்பியது என்பதெல்லாம் சேர்ந்துதான் மருந்து. "உங்க அப்பாவோட சொந்தக் கொழுப்பிலேருந்தே எடுத்துப் பண்றோம், சைடு எஃபெக்ட்டே கிடையாது" என்று ஒருவர் சொன்னால், பதினைந்து வருஷச் சர்க்கரையில் ஊறிய செல்லின் குறிப்பையே அவருக்குத் திருப்பித் தருவதில் என்ன லாபம் என்று கேளுங்கள்.

இன்னும் தடைகள் உண்டு. ஒரு முறை வளர்த்த செல்லிலிருந்து வந்த சரக்கும் அடுத்த முறை வந்ததும் ஒன்றாக இருப்பதில்லை. பிரித்தெடுக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு. இந்தத் துறையின் பன்னாட்டுச் சங்கம் 2014, 2018, 2023 என்று மூன்று முறை வழிகாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறது. எதை எக்ஸோசோம் என்று அழைக்கலாம் என்பதிலேயே அவ்வளவு விவாதம். கண்ணில் விட்ட சொட்டைக் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறது, அதனால் ஜெல்லில் கலந்து நிறுத்தப் பார்க்கிறார்கள். சில எக்ஸோசோம்கள் புதிய ரத்தக் குழாயை வளரத் தூண்டும். ஆறாத பாதப் புண்ணுக்கு அது நல்லது; ரத்தக் குழாயே கூடாத கருவிழியில், அதுவும் விழித்திரையில் ஏற்கெனவே வேண்டாத குழாய் முளைக்கும் சர்க்கரை நோயாளியிடம், யோசிக்க வேண்டியது. எலிக்கு நேற்று சுரண்டிய புண். உங்கள் அம்மாவுக்குப் பல வருஷத் தேய்மானம்.

கிளினிக்குகளில் விற்கப்படுவது இதற்கெல்லாம் பதில் கண்டுபிடித்த பிறகு வந்த சரக்கு இல்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு பொது எச்சரிக்கை விட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று சொல்லி விற்ற, அனுமதி பெறாத சரக்கை ஏற்றிக்கொண்ட சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். எந்த எக்ஸோசோம் தயாரிப்புக்கும் அங்கே அனுமதி இல்லை என்பதையும் அந்த அறிவிப்பு சொன்னது. கண்ணில் நடந்த கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக் வயதான மூன்று பெண்களுக்கு அவர்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த "ஸ்டெம் செல்"லை இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டது. மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். அது எக்ஸோசோம் அல்ல, நோயும் வேறு. ஆனால் விற்ற விதம் இதேதான்: ஆராய்ச்சி என்ற பெயர், ஆளுக்கு 5,000 டாலர் கட்டணம். 2017-இல் மருத்துவ இதழில் அதைப் படித்த எந்தக் கண் மருத்துவரும் மறந்திருக்க மாட்டார்.

"அப்போ ஒண்ணுமே இல்லையா டாக்டர்?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, விளம்பரம்தான் இல்லை. பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத கண்ணீர்ச் சொட்டு. கட்டுப்போடுவதுபோல் வைக்கும் மெல்லிய லென்ஸ். பனிக்குடப் படலத்தை எடுத்துப் புண்மேல் வைப்பது. ஆறவே மறுக்கும் கண்ணில் இமைகளைச் சில வாரம் ஓரளவு தைத்து மூடுவது; பிள்ளைகள் இதைக் கேட்டதும் அலறுகிறீர்கள், ஆனால் பல கண்களைக் காப்பாற்றிய தையல் அது. நோயாளியின் ரத்தத்திலிருந்து சீரம் பிரித்து, நீர்க்கச் செய்து சொட்டாக விடுவதும் உண்டு. அதில் வளர்ச்சிப் புரதங்கள் இருக்கின்றன, எக்ஸோசோம்களும் இருக்கின்றன! சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் ரத்தசோகை உள்ளவருக்கும், முறையான பரிசோதனைகளுக்குப் பிறகு, உறவினர் ரத்தத்திலிருந்து தயாரிப்பதும் வழக்கத்தில் உண்டு. செலவைப் பற்றி யோசிக்காதீர்கள் என்று சொல்லும் மகனிடம் நான் கேட்கக்கூடியது ஒருவேளை அவர் கையிலிருந்து கொஞ்சம் ரத்தமாக இருக்கலாம்.

நரம்பு வளர்ச்சிக் காரணியைச் செயற்கையாகச் செய்து சொட்டாக்கிய செனெகெர்மின் என்ற மருந்து 2017-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. நரம்பு மரத்த கருவிழிப் புண்ணுக்கென்றே வந்தது. நாளுக்கு ஆறு முறை, எட்டு வாரம். விலையைக் கேட்டால் நீங்களே போனை வைத்துவிடுவீர்கள். இதைச் சொல்ல வேறு காரணமும் உண்டு. அந்தக் காரணியை ரீட்டா லெவி மொந்தால்சினி கண்டது 1950-களில். அவருக்கு நோபல் பரிசு 1986-இல். கண் சொட்டாக வந்து சேர அதற்கு மேலும் முப்பது வருஷம் ஆயிற்று. எக்ஸோசோம் அவ்வளவு காலம் எடுக்காது என்று நம்புகிறேன். ஆனால் அடுத்த தீபாவளிக்கு வந்துவிடாது.

காலத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கணக்கு. நேபாளத்தின் பக்தபூரில் ஊர்த் தொண்டர்கள் மூலம் கண்ணில் சிராய்ப்பு பட்டவர்களைக் கண்டறிந்து, அவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள் போட்டார்கள். மிக மலிவான களிம்பு. 2001-இல் முடிவு வெளிவந்தது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்ட ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. பிறகு தென்னிந்தியக் கிராமங்களிலும் இதே வழியில் பூஞ்சைப் புண்ணைத் தடுக்கும் முயற்சி நடந்தது. இதைப் படித்துவிட்டு நீங்களே களிம்பு வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டாம். மரத்த கண்ணை யாராவது விளக்கு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 18 மணி நேரத்தை. நல்ல கண்ணுக்கு அந்த அவசரத்தை வலி உண்டாக்குகிறது. உங்கள் அப்பாவின் கண்ணுக்கு அதை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

ஆகவே போனில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "கண்ணு வலிக்குதா?" என்பது அவர்களிடம் பயனற்ற கேள்வி. சிவந்திருக்கிறதா, நீர் வடிகிறதா, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மற்றதில் புகை மூட்டமாக இருக்கிறதா, இந்த வாரம் கண்ணில் ஏதாவது பட்டதா என்று கேளுங்கள். வீடியோ அழைப்பில் ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். கருப்பு விழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே ஆள் பிடித்து அனுப்புங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது விழித்திரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவீர்கள் அல்லவா? அங்கே ஒன்று கேளுங்கள்: "கருவிழியில உணர்ச்சி இருக்கான்னு பார்த்துட்டீங்களா?" பஞ்சை முறுக்கி நுனியை இழையாக நீட்டி, பக்கவாட்டில் கொண்டுவந்து கருவிழியைத் தொட்டால் இமை படக்கென்று மூட வேண்டும். அரை நிமிட வேலை. மரக்கச் செய்யும் சொட்டு விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நெரிசலான முகாம்களில் முதலில் சொட்டை விட்டு வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம், பிறகு எந்தக் கண் மரத்தது என்று எப்படித் தெரியும்? இந்த விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் தொல்லை கொடுக்கிற பிள்ளைகளாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. கண்புரை அறுவைக்கோ விழித்திரை அறுவைக்கோ தேதி வாங்கியிருந்தால் இதை அதற்கு முன்பே கேளுங்கள். மரத்த கருவிழி என்று தெரிந்தால் அறுவைக்குப் பிறகு கொடுக்கும் சொட்டுகளில் சிலவற்றை, முக்கியமாக வலிகுறைப்புச் சொட்டுகளை, மருத்துவர் தவிர்ப்பார்.

உங்களில் சிலர், பேரனுக்குத் தொப்புள்கொடி ரத்தம் சேமித்து வைத்திருக்கிறோமே, தாத்தாவின் கண்ணுக்கு அது ஆகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. அந்தப் பையில் இருப்பவை முக்கியமாக ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள். எக்ஸோசோம் ஆய்வுகள் பெரும்பாலும் பயன்படுத்துவது தொப்புள்கொடியின் திசு, கொழுப்பு, எலும்பு மஜ்ஜை, கருவிழி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் வேறு வகைச் செல்களை.

முறையான ஆய்வு ஒன்று நம் பக்கம் வந்தால் நானே முதல் ஆளாக உங்கள் பெற்றோரை அனுப்பிவைப்பேன். ஆய்வையும் வியாபாரத்தையும் பிரித்தறிய உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டில் மனிதர்களிடம் மருந்துச் சோதனை நடத்துபவர்கள் மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, யார் தயாரித்தது, நெறிமுறைக் குழு எது என்று கேளுங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணைக் கொடுத்தால் வாங்கி எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அனுப்பினால் நல்லது, பகலில் நோயாளிகள் இருப்பார்கள்.

அன்புடன்,
ஊரிலிருந்து ஒரு கருவிழி மருத்துவர்